ரப்பர் மெத்தைக்குள் ஒரு துடிப்பு

எங்கள் அருங்காட்சியகத்தில் அவளை எல்லாரும் மெழுகக்கா என்றுதான் கூப்பிடுவோம். எந்த மாதிரியைச் செய்தாலும் முதலில் மெழுகில் பிடித்துப் பார்ப்பாள். நகத்திடுக்கில் மெழுகு இல்லாமல் நான் அவளைப் பார்த்ததே இல்லை. நான் டிக்கெட் கவுண்டரில் இருப்பவள். எனக்கு வாய் நீளம் என்று பெயர்.

தாய் வயிற்றில் கரு வளர்வதைக் காட்டும் கூடம் ஒன்றை அமைக்கச் சொன்னார்கள். மெழுகக்கா ஒரு சக்கரம் வைத்தாள். பிள்ளைகள் அதைச் சுற்றச் சுற்ற, கண்ணாடிக்குப் பின்னால் ஒவ்வொரு வாரத்துக் கருவின் மேலும் வெளிச்சம் விழும். கடுகளவில் ஒன்று, வால் வைத்த ஒன்று, கை துடுப்பு மாதிரி இருக்கும் ஒன்று. இயக்குநர் வந்து பார்த்து முகம் சுளித்தார்.

"என்னம்மா, தலைப்பிரட்டை மாதிரி இருக்கு? கொஞ்சம் கொழுகொழுன்னு செய்யக் கூடாதா?"

"ஏழாவது வாரத்துல கன்னத்துக்கு நான் எங்க சார் போவேன்?"

கூடத்தின் கடைசியில் ஒரு ரப்பர் மெத்தை. அதில் உள்ளங்கையை வைத்தால் சிசுவின் இதயம் துடிப்பது கையிலும் தெரியும், காதிலும் கேட்கும். அந்தத் துடிப்பு அவள் தங்கை வயிற்றிலிருந்து வந்தது. தங்கை அப்போது முழுகாமல் இருந்தாள். ஸ்கேன் எடுக்கும்போது மெழுகக்கா கூடவே நின்று பதிவு செய்தாள். "என் பிள்ளை பொறக்குறதுக்கு முன்னாடியே வேலைக்குப் போயிடுச்சு" என்று தங்கை சிரித்தாளாம்.

கூடம் திறந்த மாதமே அந்தக் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோனது. தங்கையின் புருஷன் நல்லவன், அதுதான் கொடுமை. திரும்பத் திரும்பக் கேட்டு அழுகிறாளே என்று வீட்டுப் போன்களில் இருந்த பதிவை அழித்தான். மெழுகக்காவிடமும் கெஞ்சிக் கூத்தாடி அவளிடம் இருந்ததையும் அழிக்க வைத்தான். மெத்தைக்குள் இருந்தது மட்டும்தான் மிச்சம்.

அதன்பிறகு தங்கை வர ஆரம்பித்தாள். கூட்டமில்லாத மத்தியானமாகப் பார்த்து வருவாள். நான் டிக்கெட் கேட்டதில்லை. மெத்தையில் கையை வைத்துக்கொண்டு நிற்பாள், அழமாட்டாள். போகும்போது முகம் கொஞ்சம் தெளிந்திருக்கும்.

"இது இருக்குற வரைக்கும் இவ தாங்கிடுவா" என்றாள் மெழுகக்கா ஒருநாள்.

யாரோ ஒரு பெரிய மனிதர் வந்தார், சத்தம் கரகரவென்று இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். போதாதா? விடுமுறை நாளில் ஆட்களை வரவழைத்து, கம்ப்யூட்டரில் செய்த சுத்தமான துடிப்பை ஏற்றினார்கள். பழையதை அழித்துவிட்டார்கள். மெழுகக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் காலை மெத்தையில் கை வைத்த மெழுகக்கா, சுட்டதுபோல் எடுத்தாள். நேராக இயக்குநர் அறைக்குப் போனாள். கவுண்டரைப் பூட்டிவிட்டு நானும் பின்னாலேயே ஓடினேன்.

"பழசு எங்க சார்?"

"அது எதுக்கும்மா இனிமே? இது எவ்வளவு தெளிவா இருக்கு, கேட்டியா?"

"அது என் தங்கச்சி குழந்தை சார்."

அவர் பேனாவை மூடினார். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார்.

திறப்பு விழாவில் மைக்கைப் பிடித்து, "இது நம்ம வீட்டுக் குழந்தையின் துடிப்பு" என்று பீற்றிக்கொண்டவரே இவர்தான். கை தட்டல் ஓய்ந்ததும் மறந்துவிட்டார். அந்த மேஜையை அப்படியே கவிழ்க்கலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது.

அன்று மத்தியானமே தங்கை வந்து நின்றாள். என்ன சொல்வது என்று நாங்கள் முழிப்பதற்குள் மெத்தையருகே போய்விட்டாள். கையை வைத்தாள், கண்ணை மூடினாள். மெழுகக்கா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள், எனக்கு வலித்தது. வெகுநேரம் கழித்துத் தங்கை திரும்பினாள்.

"அக்கா, இன்னைக்கு ரொம்பத் தெளிவா கேக்குதுக்கா. நல்லா பலமா துடிக்குது."

"ஆமாடி" என்றாள் மெழுகக்கா.

"அடுத்த தடவை அவரையும் கூட்டிட்டு வரேன். பாவம், அவரும் கேக்கட்டும்."

மெழுகக்கா அதற்கும் தலையாட்டினாள்.