ஞானம்மா டீச்சரின் கால்

கிளேபாங் கடற்கரை ஈரமணலில் பேத்தி தன் பெயரை ஆங்கிலத்தில் எழுதினாள். நான் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன்.

ஜப்பான்காரன் எங்கள் நாட்டைப் பிடித்திருந்த காலத்தில் நான் காஜா பேராங்கில் ஓர் அனாதை விடுதியில் இருந்தேன். சர்ச்சிலிருந்து ஞானம்மா டீச்சர் சம்பளம் வாங்காமல் வந்து, தரையில் மணல் பரப்பி எங்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தந்தார். அது கூடாது என்று உத்தரவு. பூட்ஸ் சத்தம் கேட்டால் உடனே அழித்துவிட வேண்டும்.

அன்று சிப்பாய் உள்ளேயே வந்துவிட்டான். எல்லாரும் அழித்தார்கள், என் கை மட்டும் அசையவில்லை. டீச்சர் என் எழுத்தின்மேல் வெறுங்காலை வைத்துக் குனிந்து வணங்கினார். குனிந்தது போதாதென்று அவன் அந்தக் காலையே பூட்ஸால் மிதித்தான். அவர் காலை எடுக்கவில்லை. என் கால்சட்டை நனைந்துவிட்டது.

அவன் போனதும், "ஒன்னும் இல்ல லா, திரும்ப எழுது" என்றார். நகத்தில் ரத்தம்.

"ஏன் தாத்தா இப்படிப் பண்றீங்க?" என்று பேத்தி கத்தினாள். குனிந்து பார்த்தேன். என் கால் அவள் பெயரின்மேல் இருந்தது.