நின்று நின்று பாடிய வான்

யுத்தம் முடிந்து நாலைந்து வருஷம் இருக்கும். கற்பிட்டிக் கரையில், எங்கள் ஊர்த் துறையில், ஒரு தை மாதக் காலையில் நடந்தது இது. என் கணவரும் என் அண்ணனும் முதல் நாள் பின்னேரம் தொழிலுக்குப் போயிருந்தார்கள். விடிந்து பார்த்தால் கடலையே காணவில்லை. அப்படியொரு பனிப்புகார். கரையில் இழுத்து வைத்திருந்த மீன்பிடிப் போட்டுகள்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் கணவரிடமிருந்து ஃபோன் வந்தது. எஞ்சின் பழுதாகிவிட்டதாம், துடுப்புப் போட்டு வருகிறார்களாம். “அலை உடையிற சத்தம் கேக்குது, எந்தப் பக்கமெண்டுதான் தெரியேல்ல” என்று சொல்லும்போதே ஃபோன் செத்துவிட்டது. எங்கள் துறைக்கு இரண்டு பக்கமும் கல். நடுவில் ஒரு போட்டு நுழையத்தான் வழி. கல்லில் மோதினால் ஃபைபர் போட்டு தேங்காய் மாதிரிப் பிளந்துவிடும்.

ஊரே கரையில் நின்று கூப்பிட்டது. அந்த அலைச் சத்தத்துக்கு எங்கள் தொண்டை எந்த மூலைக்கு?

அந்த நேரம்தான் மதுரங்குளிப் பக்கமிருந்து மீன் எடுக்க வரும் வியாபாரித் தம்பியின் வான் வண்டி வந்தது. தொண்ணூறில் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்த முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. வானுக்குள் மீன் பெட்டியைவிடப் பாட்டுப் பெட்டிதான் பெரிது. தூரத்தில் வரும்போதே எங்கள் வீட்டு அலுமாரிக் கண்ணாடி அதிரும். இவன் மீன் எடுக்க வாறானா, கலியாண வீட்டுக்கு வாறானா என்று நான் எத்தனை தரம் ஏசியிருப்பேன்!

விஷயத்தைக் கேட்டதும் அந்தத் தம்பி வேறு கதை கதைக்கவில்லை. வானைத் துறைவழிக்கு நேரே கொண்டுவந்து, பின்கதவைக் கடலைப் பார்க்கத் திறந்து, பாட்டைப் போட்டார். நல்ல குத்துப் பாட்டு. செபமாலையும் கையுமாக நின்ற என் மாமியாருக்குப் பொறுக்கவில்லை.

“பிள்ளையள் கடல்ல தவிக்கேக்க இதா பாட்டு?”

“மாமி, இதவிடச் சத்தமான பாட்டு என்னட்ட இல்ல.”

ஒரு பாட்டு முடியவில்லை, டப்பென்று நின்றுவிட்டது. சத்தத்தைக் கூட்டுகிற அம்ப்ளிஃபயரில் சிவப்பு லைட். “ரெண்டு கிழமையா இதே கரைச்சல்தான் அக்கா” என்றார். சூடேறிவிட்டதோ என்று தொட்டுப் பார்த்தார், சூடில்லை. பேஸ் அடிப்பதில் கரண்ட் போதவில்லையோ என்று பெரிய ஸ்பீக்கர் பெட்டியின் வயரைக் கழற்றிவிட்டார். பாடியது. மறுபடி நின்றது. சீற்றுக்குக் கீழே தலையை விட்டு ஒவ்வொரு வயராக ஆட்டிப் பார்க்கத் தொடங்கினார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. ஊரை அதிரவைக்கத் தெரிந்த செட்டுக்கு ரெண்டு உயிரைக் கூப்பிடத் தெரியாதா என்று கத்தி அழுதேன். தம்பி கோபிக்கவில்லை. சட்டென்று தலையை வெளியே எடுத்தார்.

“உஸ்ஸ்! அக்கா, கொஞ்சம் கேளுங்க.”

வாயைப் பொத்திக்கொண்டு கேட்டேன். டொக், டொக், டொக். வெறும் பெற்றோல் கானைத் தட்டுகிற சத்தம். அதுவும் துறைக்கு நேரே இல்லை, வலப்பக்கம், கல்லுப் பக்கம். பாட்டு ஓடிய நேரமெல்லாம் அவர்கள் தட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். நாங்கள்தான் கேட்கவில்லை.

தம்பி திரும்பவும் சீற்றுக்குக் கீழே போனார். இந்த முறை பழுது அகப்பட்டது. அம்ப்ளிஃபயரிலிருந்து வானின் தகரத்துக்குப் போகிற ஏர்த் வயர். மீன் பெட்டிகளின் ஐஸ் தண்ணீர் வழிந்து வழிந்து, அதைப் பூட்டியிருந்த நட் கறள் பிடித்து ஆடிக்கொண்டிருந்தது. மீன் வெட்டுகிற கத்தியை வாங்கி, கறளைச் சுரண்டி, இறுக்கினார். அதற்குப் பிறகு செட் தானாக நிற்கவே இல்லை.

ஆனால் அவரே நிறுத்தினார். கொஞ்சம் பாடவிடுவார், நிறுத்துவார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்போம். டொக் டொக் முதலில் கல்லுப் பக்கமே நின்றது. பிறகு பாட்டுச் சத்தத்தைப் பிடித்து மெல்ல மெல்ல நடுவுக்கு வந்தது. கடைசியில் புகாரைக் கிழித்துக்கொண்டு போட்டின் மூக்குத் தெரிந்தபோது, உடுத்த உடுப்போடு இடுப்பளவு தண்ணீரில் ஓடினேன். இரண்டு பேரையும் கட்டிப்பிடித்து அழுதேனா, ஏசினேனா, எனக்கே தெரியாது.

மாமியார் அந்தத் தம்பியின் தலையைப் பிடித்து நெற்றியில் சிலுவை போட்டுவிட்டார். அவர் முஸ்லிம் பிள்ளை என்பதெல்லாம் அந்த நேரம் யாருக்கு நினைவு? அவரும் “அல்ஹம்துலில்லாஹ்” என்று சிரித்தபடி தலையைக் குனிந்து கொடுத்தார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

நான் வாய் ஓயாத பெண், அது இன்றும் மாறவில்லை. ஆனாலும் பயத்தில் கத்த வரும்போதெல்லாம் ஒரு கணம் நிறுத்திக்கொள்கிறேன், நான் தேடுகிற ஆளே அந்த நேரம் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கலாம் அல்லவா.