சுக்காங்கீரைத் தாளில் இருந்த திகதி

துறைமுகத் தெருவில் ஒரு கந்தோரில் கூட்டித் துடைக்கும் வேலை எனக்கு. போன மாசியில், காய்ந்த செடிகளை ஒட்டிய பழைய தாள்களைக் கட்டுக்கட்டாக அங்கே கொண்டுவந்தார்கள். ஒரு மிஸ் அவற்றைப் படம் பிடித்துக் கம்பியூட்டரில் பதிந்துகொண்டிருந்தார்.

"அம்மா, இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோவன்."

"நான் அஞ்சாம் வகுப்புத்தான், பிள்ளை."

"அது காணும். என்ர படிப்புக்கு இது கோழி கிளறினமாதிரிக் கிடக்கு."

தாளில் காட்டுச் சுக்காங்கீரை, வேரோடு இருந்தது. அடியில் பென்சிலால் 'நிலாவெளி, குளக்கரை' என்றும், திகதியும், பிடுங்கியவர் பெயரும் எழுதியிருந்தது. பெயர் என் கணவருடையது. கையெழுத்தும் அவருடையதுதான்.

செடிகளைப் பிடுங்கி இப்படித் தாளில் ஒட்டிவைக்கிற ஒரு ஆராய்ச்சிக்கார ஐயாவுக்கு அவர் உதவியாளாக இருந்தார். சண்டைக் காலத்தில், வைகாசியில் ஒருநாள் வேலைக்குப் போனவர் திரும்பவில்லை. இரண்டு மாதம் முகாம் முகாமாகத் தேடினேன். பிறகு சொந்தக்காரரின் சொல்லைக் கேட்டு, அவர் செத்துப்போனார் என்று அந்தியேட்டிக் கிரியை செய்து, தேடுவதை விட்டுவிட்டேன்.

தாளில் இருந்த திகதி, அந்தியேட்டிக்கு எட்டு நாள் பிந்தியது. அன்புவழிபுரத்து வீட்டில் நான் வெள்ளைச் சீலையோடு இருந்தபோது, ஒரு பஸ் ஏறினால் போய்விடும் தூரத்தில், நிலாவெளியில் அவர் குனிந்து இந்தக் கீரையைப் பிடுங்கியிருக்கிறார்.

"தெரிஞ்ச ஆளோ, அம்மா?"

"இல்லை, பிள்ளை" என்றேன். ஓம் என்றால், ஏன் தேடாமல் விட்டீர்கள் என்று கேட்பாரே.

அவர் வீட்டை விட்டுப் போன நாளைத்தான் திதியாக வைத்துப் படைத்துவந்தேன். இந்த வைகாசியிலும் சமைத்தேன். இலையைக் கழுவி விரித்தேன். சோறு போடக் கை வரவில்லை. அந்த நாளில் அவர் உயிரோடு இருந்தவர்.