சவியங்கின் குண்டுப் பூக்கள்

எங்கள் ஊர்ப் பசுமைக்குடிலில் கஞ்சா வளர்க்கும் ஏழு பெண்களில் சவியங் ஒருத்தி, நான் ஒருத்தி. உரிமம் வாங்கி நடக்கும் வேலை. மாவட்ட மருத்துவமனை எங்கள் பூக்களை வாங்கி எண்ணெய் எடுக்கிறது. எத்தனையோ வருடம் படுக்கை நோயாளிகளைப் பார்த்தவள் நான். அந்த எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக அவர்கள் நாக்கடியில் விட்டிருக்கிறேன். இந்தச் செடியிடம் எனக்குப் பயமும் இல்லை, பக்தியும் இல்லை. சவியங்கிடமும் அப்படித்தான்.

அவள் கெட்டிக்காரி. எங்கள் பூபான் மலையடிவாரத்து நாட்டுச் செடியையும் வெளிநாட்டு வகை ஒன்றையும் கலந்து விதை எடுத்தது அவள்தான். முளைத்தவற்றில் குட்டையாக, தடியாக நின்றவற்றைத் தனக்கென்று வைத்துக்கொண்டாள். நெடுநெடுவென்று ஒல்லியாகப் போனவற்றை உரக்குழியில் போடச் சொன்னாள். போடப் போன வொங்துவன் மனம் வராமல் அவற்றைத் தன் வரிசையில் நட்டுவிட்டாள்.

வொங்துவன் சவியங்கின் தம்பி மனைவி. பாங்காக்கில் தையல் ஆலையில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவள். எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே "சரிங்கக்கா" என்பாள். அந்தச் "சரிங்கக்கா"வைக் கேட்டாலே சவியங்குக்கு உடம்பு எரியும். வொங்துவன் குடிசையில் கோழி முட்டையிட்டாலும் எரியும்.

அடுத்த பருவத்துக்குக் கிளை வெட்டி நடுவதற்கான தாய்ச்செடியாக ஒரே ஒரு வகையை வைத்துக்கொள்ளத்தான் எங்களிடம் இடம் இருந்தது. இந்த மழைக்கால அறுவடையில் எது தேறுகிறதோ அது. சவியங் அதற்காகத்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

மழைக்காலத்தில் குடிலுக்குள் நுழைவது, ஒட்டரிசி வெந்த கூடையைத் திறந்து முகத்தை நீட்டுவது போல. பிளாஸ்டிக் சுவர் வியர்க்கும். மின்விசிறிகள் ஓயாமல் சுற்றும், ஈரம் மட்டும் போகாது. வாசலில் செருப்பைக் கழற்றி ரப்பர் பூட்ஸ் மாட்டும்போதே சவியங் ஆரம்பித்துவிடுவாள்.

"என் பூவப் பாரு. வாத்து முட்டை மாதிரி. அவளோடது? கிழவி சடை."

"சடைக்குள்ள காத்துப் போகும், சவியங்," என்றேன்.

"நீ மூத்திரப் பைய மாத்துனவ. செடிய நான் பாத்துக்கறேன்."

ஒருநாள் மருத்துவமனையிலிருந்து வந்த அலுவலர் வொங்துவனின் வரிசை முன்னால் நின்று, "இந்த ஈரத்துலயும் நல்லாத் தாக்குப் பிடிக்குதே," என்று சொல்லிவிட்டுப் போனார். சவியங் அன்று மதியம் சாப்பிடவில்லை. வொங்துவன் நீட்டிய தண்ணீரையும் வாங்கவில்லை. தனக்குத் தாகமில்லை என்றாள். அவள் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது.

பிக்குகள் மடத்திலேயே தங்கும் மழைக்காலத் தவம் தொடங்குமுன் பெரிய பிக்குவை அழைத்துக் குடிலுக்கு ஆசி வாங்குவது என்று முடிவானது. அறுவடைக்குக் கொஞ்ச நாளே இருந்தது. பூ முற்றும் நேரத்தில் அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது என்பது எங்கள் ஏழு பேருக்கும் மனப்பாடம். நெற்றி வியர்வை விழுமென்று தலையில் துணி கட்டிக்கொண்டு குனிகிறவர்கள் நாங்கள். ஆனால் மந்திரித்த நீரை யாரும் தண்ணீர் என்று நினைப்பதில்லை. நானும் நினைக்கவில்லை.

வழக்கப்படி ஒருவர் நீர்க்கிண்ணத்தை ஏந்தி முன்னால் போக வேண்டும். பிக்கு ஈர்க்குச்சிக் கட்டினை அதில் முக்கி, கிண்ணம் போகும் வழியெல்லாம் தெளிப்பார். கிண்ணத்தைச் சவியங் எடுத்துக்கொண்டாள். தன் வரிசையில் ஒவ்வோர் அடி எடுத்து வைக்கவும் அவளுக்கு நேரம் பிடித்தது.

"சாமி, இந்தப் பக்கம் இன்னுங் கொஞ்சம். அந்த மூலைச் செடிக்கு விழலை சாமி. நல்லா முக்கித் தெளிங்க."

பெரிய பிக்கு நல்ல மனிதர். முக்கித் தெளித்தார். வொங்துவன் வரிசை வந்ததும் சவியங்குக்கு எங்கிருந்தோ வேகம் வந்தது. பிக்கு பின்னாலேயே ஓட வேண்டியதாயிற்று. கைகூப்பி நின்ற வொங்துவனின் தலையில் இரண்டு துளி விழுந்தது, அவ்வளவுதான்.

"என் செடிக்கு விழலியேக்கா."

"உன் தலையில விழுந்துச்சுல்ல. அது போதும்."

அன்று சவியங் இடித்த பப்பாளிக்காயோடு ஒரு கூடை ஒட்டரிசியைத் தனியாகத் தின்று தீர்த்தாள். ஆசி அவள் பக்கம் என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது.

பிறகு மழை விடவே இல்லை. ஒரு காலையில் அவள் வரிசையைக் கடந்தபோது எனக்குப் பழகிய நாற்றம் ஒன்று வந்தது. படுக்கைப்புண் மேலே தெரியாது. சதை மடிப்பை விலக்கித்தான் பார்க்க வேண்டும். அந்தக் குண்டுப் பூ ஒன்றை விரலால் பிளந்தேன். உள்ளே சாம்பல் பூஞ்சை, எலி ரோமம் போல. அடுத்ததிலும் அதுதான். வொங்துவன் வரிசையில் ஒன்றுகூட இல்லை.

சவியங் எல்லாரையும் கூட்டிவிட்டாள்.

"இவ வேலைதான். ஆளில்லாத நேரம் பாத்து என் பூ மேல தண்ணி தெளிச்சிருக்கா."

வொங்துவன் முதல்முறையாகச் "சரிங்கக்கா" சொல்லவில்லை.

"தண்ணி விழுந்தத ஏழு பேரும் பாத்தோம். கிண்ணம் யாரு கையில இருந்துச்சுக்கா?"

எங்கள் தலைவி பூன்மா மெல்லச் சொன்னாள்: "சாமி மேல கேஸ் போட முடியாதுடி சவியங்."

கெட்ட செடியை அங்கேயே பையில் மூடி, வெட்டி வெளியேற்ற வேண்டும். உதவ வந்த வொங்துவனைச் சவியங் தடுத்தாள். "தொடாத. இது என் வரிசை." நான் கேட்காமலே கத்தரியை எடுத்துக்கொண்டேன். பாதி வரிசை முடிந்தபோது அவள் பேசினாள்.

"அவளோடதும் என் விதைதான்."

"ஆமா."

"நான் தூக்கிப் போட்டது."

"ஆமா."

"ஆமா ஆமாங்கறியே, வேற ஏதாச்சும் சொல்லேன்."

"கையுறைய மாத்து. அடுத்த செடிக்கும் ஒட்டிக்கும்."

மாற்றிக்கொண்டாள். அழுதாளா என்று நான் பார்க்கவில்லை. பார்த்து என்ன ஆகப்போகிறது.

ஒல்லிப் பூக்கள் தேறின. கூட்டத்தில் பூன்மா, "வொங்துவனோட செடியத் தாய்ச்செடியா வச்சுக்கலாம்னு நெனைக்கறவங்க..." என்று தொடங்கினாள். முடிக்குமுன் சவியங்கின் கை மேலே போனது.

"மொதல்ல கை தூக்குனது நான். எல்லாரும் பாத்துக்கங்க."

"நன்றிக்கா," என்றாள் வொங்துவன்.

"உனக்கு எதுக்கு நன்றி? என் விதைக்குத் தூக்குனேன்."

பூக்களை ஒப்படைக்க வொங்துவன் மருத்துவமனைக்குப் போவதாக ஏற்பாடு. கிளம்பும் நேரத்தில் பார்த்தால், பட்டுப் பாவாடையும் சலவைச் சட்டையுமாகச் சவியங் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தாள்.

"அவளுக்கு அங்க யாரையும் தெரியாது," என்றாள் என்னிடம்.

ஓட்டுநர் பக்கத்தில் ஒரே ஒரு இருக்கைதான் இருந்தது. வொங்துவன் பூப்பெட்டியை அணைத்துக்கொண்டு பின்னால் சரக்குத் தட்டில் ஏறினாள்.