இரண்டு புறங்கையிலும் பெருக்கல் குறி

கிரீன் கார்டுக்குக் கைரேகை எடுக்கத் திங்கள் காலை வரச்சொல்லிக் கடிதம் வந்திருந்தது. முந்தின நாள் மதியம் நான் பங்க் ராக் என்கிற இரைச்சல் கிட்டார் கச்சேரி ஒன்றுக்குப் போனேன். புத்தியுள்ளவன் பிரியாணி தின்றுவிட்டு வீட்டில் படுத்திருப்பான்.

இத்தனைக்கும் நான் சாதாரண பயந்தாங்கொள்ளி இல்லை. இரண்டாயிரத்து ஒன்றில் நியூயார்க் கோபுரங்கள் விழுந்த பிறகு என் முஸ்லிம் பெயரைப் படிக்கிற கவுண்டர்களில் எல்லாம் ஒரு சின்ன மௌனம் விழும். அதனால் சான் ஹோசேயில் நூலகப் புத்தகத்தைக்கூட ஒரு நாள் முன்னதாகவே திருப்பிக் கொடுத்துவிடுவேன். நான்கு வருஷம் இப்படி ஒழுங்காகக் காத்திருந்து, கடைசி நாளில் போய் மாட்டிக்கொண்டேன்.

கூப்பிட்டவர் ஆபீஸில் பக்கத்து இருக்கைக்காரி. நான் எழுதுகிற ப்ரோக்ராமில் தப்பு கண்டுபிடிப்பது அவர் வேலை. ஐம்பதை நெருங்கியவர்; மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். பங்க் ராக் தொடங்கிய காலத்தில் கிட்டார் வாசித்தவராம். பழைய கூட்டாளிகள், முதன்முதலில் வாசித்த அதே ஹாலில் மறுபடி கூடுகிறார்களாம். வரவில்லை என்று சொல்லவும் எனக்குப் பயம். போனேன்.

வாசலில் ஒரு மொட்டைத்தலைப் பெரியவர் தடித்த கறுப்பு மார்க்கரோடு நின்றார்.

"குடிப்பீங்களா?"

"இல்லைங்க. எங்க குடும்பத்துலயே யாரும் கிடையாது. வாப்பாவுக்கு சோடா வாசனையே ஆகாது."

கேட்டதற்கு மேல் பதில் சொல்வது என் பரம்பரை வியாதி. அவர் என் இரண்டு புறங்கையிலும் பெரிய பெருக்கல் குறி போட்டு உள்ளே தள்ளினார்.

"அட, நீயும் எங்க ஆளாயிட்டே," என்றார் ஆபீஸ் அம்மாள். "அப்பல்லாம் குடிக்கிற வயசு வராத பசங்களுக்கு ஊத்தினா போலீஸ் பாரையே மூடிடும். அதான் இவங்களுக்கு ஊத்தாதேன்னு இந்தக் குறி. முதல்ல அது அவமானம். அப்புறம் குடிக்கவே மாட்டேன்னு இருந்தவங்க தாங்களே போட்டுக்க ஆரம்பிச்சாங்க."

அவருடைய டிரம்மர் இப்போது பல் டாக்டர். "எங்களுக்குத் தெரிஞ்சதே ரெண்டு பாட்டு," என்றார். "அதையே ஆறு தடவை வாசிச்சோம். யாரும் கண்டுபிடிக்கலை."

"கண்டுபிடிச்சாங்களா இல்லையான்னு நான் எங்க கண்டேன்?" என்றார் அம்மாள். "ஜனங்களப் பார்த்ததும் வாசிக்கவே வரலை. கடைசி வரைக்கும் சுவத்தப் பார்த்துத் திரும்பி நின்னே வாசிச்சேன். அதை ஸ்டைல்னு நினைச்சுட்டாங்க. அடுத்த வாரம் மூணு பேண்டு முதுகக் காட்டிட்டு வாசிச்சுது."

நான் என் கைகளைப் பார்த்தேன். "இது சோப்புல போயிடும்ல?"

"ரெண்டு மூணு நாள் ஆகும்."

அதன்பிறகு மேடையில் என்ன வாசித்தார்கள் என்று தெரியாது. எவனோ போட்டோ எடுத்தான். நான் ஒரு தூணுக்குப் பின்னால் போனேன். கைரேகை எடுக்கிறவர் இந்தக் குறியைப் பார்ப்பார். என் பெயரைப் பார்ப்பார். ஏதோ ரகசிய இயக்கம் என்பார். நான் விளக்குவேன். விளக்கினால்தான் ஆபத்தே.

வீட்டுக்கு வந்ததும் எலுமிச்சை, தேங்காயெண்ணெய், பற்பசை என்று வரிசையாகப் பூசிப் பார்த்துவிட்டு, கடைசியில் சிங்க்கில் ப்ளீச்சை ஊற்றி, பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரை எடுத்தேன். வலது கை இடது கையைத் தேய்த்தது. இடது கை வலது கையைத் தேய்த்தது.

"என்ன மச்சான், புதுசா பாத்திரமெல்லாம் தேய்க்கிறீங்க?" என்று எட்டிப் பார்த்தாள் மனைவி. கையைப் பார்த்துவிட்டு, "நல்லாத் தேய்ங்க. அடி பிடிச்சிருக்கு," என்று போய்விட்டாள்.

குறி கறுப்பிலிருந்து சாம்பலுக்கு வந்தது. அதற்கு மேல் நகரவில்லை.

திங்கள் காலை, முழுக்கைச் சட்டையை விரல் கணு வரை இழுத்துவிட்டுப் போனேன். கைரேகை எடுத்த பெண் முதல் வேலையாகச் சட்டைக் கையை மேலே தள்ளினார்.

"கச்சேரியா?"

"ஆமா."

"நல்லா இருந்ததா?"

அவ்வளவுதான். அந்தப் பேச்சு முடிந்தது. என் விரலைக் கண்ணாடியில் வைத்து அழுத்தினார். மறுபடி அழுத்தினார். துடைத்து அழுத்தினார்.

"ரேகையே விழல. என்ன வேலை பார்க்கறீங்க? கட்டட வேலையா?"

"கம்ப்யூட்டர்."

"வீட்டுல பாத்திரம் நீங்கதான் தேய்ப்பீங்களோ?"

வாழ்க்கையில் முதல் முறையாகத் தேய்த்திருந்தேன். புறங்கையில் இருந்த குறியை விட்டுவிட்டு, கம்பி நாரைப் பிடித்த பத்து விரல் நுனிகளையும் வழவழப்பாக்கி வைத்திருந்தேன். கிரீன் கார்டுக்குத் தேவை அந்த நுனிகள் மட்டும்தான். மூன்று வாரம் கழித்து வரச்சொன்னார். கிரீம் தடவணும், தண்ணீர் வேலை கூடாது. நான் இதை அப்படியே வீட்டில் சொன்னபோது, "இதுக்கு முன்னாடி மட்டும் என்ன கிழிச்சீங்க?" என்றாள் மனைவி.

மூன்று வாரமும் கண்ணாடி டம்ளரை அழுத்திப் பிடித்து, அதில் விழுந்த தடத்தை வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் தெரியும். மறுநாள் தெரியாது.

இரண்டாம் முறை போனபோது திரையைப் பார்க்கிற துணிச்சல் எனக்கு இல்லை. கையை மட்டும் பின்னால் அதே பெண்ணிடம் கொடுத்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். அவர் ஒவ்வொரு விரலாக வைத்து உருட்டினார். சுவரில் ஒரு காலண்டர் இருந்தது. அதில் என்ன படம் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

"சார், இந்தப் பக்கம் திரும்பலாம். பத்தும் வந்துடுச்சு."

திரும்பினேன். எனக்கு அடுத்து நின்றவர் எல்லாவற்றையும் கவனித்திருக்கிறார் போல. கவுண்டருக்கு வந்தார், சட்டைக் கையை மடித்துவிட்டார், அதுதான் முறை என்று எண்ணிச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, கையைப் பின்னால் நீட்டினார்.