மில் வாசலில் அழுத ஜெர்மன்காரி

என் மகள் ஒரு ஜெர்மன் நாவலைத் தமிழில் மொழிபெயர்க்கிறாள். எனக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும் என்பதால் அவளே வாசித்துக் காட்டுவாள். அந்தக் கதையில், இரண்டு ஜெர்மனியும் ஒன்றான பிறகு, கிழக்குப் பக்கத்தில் ஒரு நூல் மில்லை மூடுகிறார்கள். அங்கே வேலை பார்த்த ஒருத்தி கடைசி நாளில் வாசலில் விழுந்து அழுகிறாள்.

“பூராப் பொய்டி இது” என்றேன். இருபது வருடம் நூல் மில்லில் நின்றவள் நான். எங்கள் மில்லை மூடிய அன்று ஒருத்தியும் அழவில்லை. அடுத்த ஷிப்டுக்கு வருகிறவளுக்காக மெஷினில் ஒட்டிய பஞ்சைத் துடைத்து வைப்பது வழக்கம். வர யாருமில்லை என்று தெரிந்தும் துடைத்துவிட்டுத்தான் கிளம்பினோம்.

“எழுதுனவரு மேற்குப் பக்கத்து ஆளும்மா. மில்லுக்குள்ள போனதே இல்லையாம். அங்க ஜெர்மனியிலயும் அந்த அழுகையை வச்சு இதே சண்டைதான்.”

“அப்ப அதைத் தூக்கிட்டு நான் சொன்னதை எழுது.” இந்தப் பொய் என் மகள் பேரில் வருவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

“நாவல் எழுதுனது நீங்களா?” என்று சிரித்துவிட்டு மேலே வாசித்தாள். மறுநாள் விடியலில் அந்தப் பெண் பழக்கம்போலக் கிளம்பி பஸ் ஸ்டாப்புக்குப் போகிறாள். வந்த பஸ்ஸில் ஏறாமல் திரும்புகிறாள்.

என்னால் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். எங்கள் மில்லை மூடிய மறுநாள் நானும் திருக்கோகர்ணம் ஸ்டாப்பில் அப்படித்தான் நின்றேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

“அந்த அழுகையும் இருந்துட்டுப் போகட்டும்” என்றேன். ஏன் என்று கேட்டாள். “நீ மேல வாசிடி” என்றேன்.