அன்தியாஸ் சாப்பிட்டதோ?

உடுவிலில் எங்கள் வீட்டு உப்புநீர் மீன்தொட்டிக்கு அன்தியாஸ் என்ற வண்ணக் கடல்மீன் வாங்கப் போனேன். கடையில் செம்மஞ்சள் மீன்கள் துள்ளி ஓடின. ஊதா நிற மீன் ஒன்று மட்டும் மூலையில் அசையாமல் நின்றது. அதன் வடிவில் மயங்கி அதையே வாங்கினேன்.

நான்கு நாளாக அது எதையுமே தின்னவில்லை. எனக்குக் கந்தோரில் வேலை ஓடவில்லை. மணிக்கொரு தரம் வீட்டில் இருந்த கணவருக்குப் போன் எடுத்தேன்.

“சாப்பிட்டதோ?”

“இல்லை. நான் காய்ச்சலிலை கிடக்கேக்கை நீர் இவ்வளவு தரம் எடுக்கேல்லை.”

ஐந்தாம் நாள் அவரே எடுத்தார். “குருநகரிலை கறிக்கு வாங்கின மீனின்ரை சினையை உதிர்த்துப் போட்டனான். தின்னுது!”

கந்தோர் என்றும் பாராமல் அழுதுவிட்டேன்.

இப்போதெல்லாம் கடைக்காரரிடம் எந்த மீனைக் கேட்டாலும், “அண்ணை, முதலிலை இதுக்குச் சாப்பாடு போட்டுக் காட்டுங்கோ” என்கிறேன். தின்னாவிட்டால், எவ்வளவு வடிவென்றாலும் வாங்குவதில்லை.